சன், ஐபிஎம், ஹெச்பி காலத்து யூனிக்ஸ் லேப்டாப்பை எல்லாம் யாருதான் வாங்குனாங்க?

#1 கன்சோல்_குமரன்

மக்கா ஒரு சந்தேகம். யூடியூப்ல பழைய கம்ப்யூட்டரைப் பிரிச்சுப் போட்டு விளக்கற ஒரு சேனல் பார்த்துட்டு இருந்தேன், அதுல டாட்போல் ஸ்பார்க்புக் 3ன்னு ஒரு லேப்டாப். உள்ள இருக்கறது சன் கம்பெனியோட ஸ்பார்க் பிராசஸர், ஓடுறது அவங்களோட யூனிக்ஸான சோலாரிஸ். ஸ்கஸி டிஸ்க்கு, அதையும் கழட்டி மாட்டற மாதிரி வச்சிருக்கான். 90கள்ல வந்த சரக்கு, அப்பவே பத்தாயிரம் டாலருக்கு மேல.

எனக்குப் புரியாதது ஒண்ணுதான். அந்தக் காசுக்கு டேபிள் மேல வைக்கற வொர்க்ஸ்டேஷன் ஒண்ணு வாங்கிட்டு, கையில தூக்கிட்டுப் போக சாதா விண்டோஸ் லேப்டாப் ஒண்ணும் வாங்கிருக்கலாமே? இதை யாரு வாங்குனாங்க? நாம இப்ப பழைய திங்க்பேட்ல லினக்ஸ் போட்டு ஓட்டற மாதிரி ஆசைக்கா, இல்ல நிஜமாவே வேலைக்கா? ஃபோரம்ல பெருசுங்க இருக்கீங்க, சொல்லுங்க.

#2 ஓகே_ப்ராம்ப்ட்

பெருசுன்னு கூப்பிட்டாச்சு, வரலன்னா நல்லா இருக்காது. 90கள்ல பெங்களூர்ல சிப் டிசைன் பக்கம் இருந்தேன் தம்பி. நாங்க இதை வாங்கல, எங்ககிட்ட சாஃப்ட்வேர் விக்க வந்தவங்க கையில இருந்துச்சு. உங்க கேள்விக்கு பாதி பதில் அதுலயே இருக்கு.

இன்னிக்கு ஒரு புரோகிராமை இன்டெல்ல ஓட்டறீங்க, ஆர்ம்ல வேணும்னா திரும்ப கம்பைல் பண்ணிக்கறீங்க, இல்லனா கன்டெய்னர்ல போட்டு எங்கயோ ஏத்திடறீங்க. அன்னிக்கு அந்தப் பேச்சே இல்ல. சிப் டிசைன் டூல், எண்ணெய்க் கம்பெனிக்காரங்க பூமிக்குள்ள அதிர்வு அனுப்பிப் பாக்கற சீஸ்மிக் டூல், மேப் போடற ஜிஐஎஸ், ஏரோப்ளேன் பார்ட் வரையற கேட் (CAD) எல்லாமே பைனரியா, அதாவது ஒரு வகை சிப்புக்குன்னே கம்பைல் பண்ணி முடிச்ச ஃபைலாத்தான் வரும், சோர்ஸ கண்ணுலயே காட்ட மாட்டாங்க. அந்த பைனரியும் சன்னோட ஸ்பார்க் சிப்புல சோலாரிஸ், ஹெச்பியோட பிஏ-ரிஸ்க் சிப்புல ஹெச்பி-யூஎக்ஸ், ஐபிஎம்மோட பவர் சிப்புல ஏஐஎக்ஸ், எஸ்ஜிஐயோட ஐரிக்ஸ்னு கைவிரல் விட்டு எண்ணிடற இடத்துலதான் ஓடும். சாஃப்ட்வேர் லைசன்ஸ் விலை வொர்க்ஸ்டேஷன் விலையைப் பல மடங்கு தாண்டும். அப்ப மெஷினுக்குப் பத்தாயிரம் டாலர் குடுக்கறது யாருக்கு வலிக்கும்? நமக்கு வலிக்கும், அந்த லைசன்ஸை விக்கறவனுக்கு வலிக்காது.

அவன் கஸ்டமர் ஆபீஸுக்கு டெமோ குடுக்க வரான்னு வச்சுக்கங்க. கஸ்டமர் நெட்வொர்க்ல அவன விடமாட்டாங்க, சிப் டிசைன் கம்பெனில அதெல்லாம் கனவுலயும் நடக்காது. கஸ்டமர் மெஷின்லயே இன்ஸ்டால் பண்ணலாம்னா ஓஎஸ் பேட்ச் ஒத்து வராது, ரூட் பாஸ்வேர்டு வச்சிருக்கற அட்மின் லீவ்ல இருப்பாரு, லைசன்ஸ் சர்வர் எழும்பாது. ஒரு வாரம் அதுலயே ஓடிடும். தவில்காரர் கச்சேரிக்கு தன் தவிலைத் தானே தூக்கிட்டுப் போற மாதிரி, எல்லாத்தையும் ஏத்தி செட் பண்ணி வச்ச மெஷினையே கையில கொண்டு வந்து டேபிள்ல வச்சு திறந்துடுவான். அரை மணி நேரத்துல டெமோ ஆரம்பிச்சுடும். ஒரு டீல் முடிஞ்சா அந்த மாதிரி மெஷின் பல வாங்கிடலாம்.

இன்னொரு கூட்டம் ராணுவம். இன்னொண்ணு எண்ணெய் தேடறவங்க. அதெல்லாம் நேர்ல பார்த்தவங்க யாராவது வந்து சொல்லட்டும்.

#3 கன்சோல்_குமரன்

சார் சூப்பர். ஆனா ஒரு டவுட்டு, சாதா லேப்டாப்ல எக்ஸ் சர்வர் போட்டுட்டு மோடம் வழியா ஆபீஸ் வொர்க்ஸ்டேஷன்ல இருந்து டிஸ்ப்ளே இழுத்திருக்கலாமே? யூனிக்ஸோட பெருமையே அதுதானே, புரோகிராம் அங்க ஓடும், விண்டோ இங்க தெரியும்.

#4 ஓகே_ப்ராம்ப்ட்

கணக்கு போடுவோமா? சன்னோட வழக்கமான ஸ்க்ரீன் 1152க்கு 900. எட்டு பிட் கலர்னா ஒரு முழு ஸ்க்ரீனுக்கு பத்து லட்சம் பைட்டுக்குக் கொஞ்சம் மேல. 28.8 கிலோபிட் மோடம் நல்ல லைன்ல நொடிக்கு 3600 பைட் தள்ளும். வகுத்துப் பாருங்க, ஒரு ஸ்க்ரீன் முழுசா வர கிட்டத்தட்ட அஞ்சு நிமிஷம். எக்ஸ் வெறும் படத்தை அனுப்பறதில்ல, கோடு போடு எழுத்து போடுன்னு கட்டளையா அனுப்பும், அதனால எக்ஸ்டெர்ம் மாதிரி எழுத்து விண்டோ எப்படியோ நகரும். ஆனா லட்சக்கணக்கான செவ்வகம் இருக்கற சிப் லேஅவுட்ட ஜூம் பண்ணா ஒவ்வொரு செவ்வகமும் அந்த வயர் வழியாத்தான் வரணும். அதுவும் அன்னிக்கு நம்ம ஊரு டெலிபோன் லைன்ல 28.8 கிடைச்சா அது லாட்டரி.

#5 யாழ்_டீமன்

வணக்கம் எல்லாருக்கும், டொராண்டோவில இருந்து. ஓகே அண்ணை சொல்லுறது சரி, ஆனா கதை ஸ்பார்க்கோட தொடங்கேல்லை. 1985லேயே ஹெச்பி இன்டெக்ரல் பிசி எண்டு ஒண்டை விட்டவங்கள். மோட்டோரோலா 68000, மஞ்சள் நிற எலெக்ட்ரோலுமினெசன்ட் ஸ்க்ரீன், ஹெச்பி-யூஎக்ஸ் ரோமிலேயே எழுதியிருக்கும், அதுக்கு மேல திங்க்ஜெட் பிரிண்டர் ஒண்டும் உள்ளுக்கையே இருக்குது. பாரம் 11 கிலோவுக்கு மேல, பேட்டரி இல்லை. மடியில வச்சா கால் போயிடும். எண்டாலும் தூக்கிக்கொண்டு போய் சுவரில பிளக் குத்தினா யூனிக்ஸ் வரும், அந்தக் காலத்துக்கு அது பெரிய விசயம். 1990 வாக்கில தோஷிபாவும் ஸ்பார்க் எல்டி எண்டு ஒண்டு செய்தது.

ஆனா இந்தச் சந்தையை உண்மையா பிடிச்சவை ரெண்டு சின்னக் கம்பெனிகள். ஒண்டு இங்கிலாந்து கேம்பிரிட்ஜில இருந்த டாட்போல், மற்றது கலிஃபோர்னியா சான் டியாகோவில இருந்த ஆர்டிஐ. டாட்போல் முதல்ல போர்டு செய்து வித்தவை, பிறகு 90களின்ர தொடக்கத்தில ஸ்பார்க்புக்கைக் கொண்டு வந்தவை. ஆர்டிஐ பிரைட்லைட், பவர்லைட் எண்டு ஸ்பார்க் மெஷின் வித்திட்டு, ஹெச்பி ஆக்களுக்கு எண்டு பிரிசிஷன்புக் எண்டொண்டும் வித்தது, பிஏ-7300எல்சி சிப், 132ல இருந்து 180 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். 1998ல டாட்போல் ஆர்டிஐயை வாங்கிப் போட்டுது.

இதில ரசமான விசயம் என்னெண்டா, பெரிய கம்பெனிகள் தாங்கள் செய்யாம டாட்போலிட்டக் குடுத்துச் செய்விச்சவை. 1994ல ஐபிஎம் ஆர்எஸ்/6000 என்40 எண்டு ஒரு நோட்புக் விட்டது, 50 மெகாஹெர்ட்ஸ் பவர்பிசி 601, ஏஐஎக்ஸ் ஓடும். அதைக் கட்டினது டாட்போல். அப்பிள் பவர்பிசியில பவர்புக் விட முதலே வந்தது அது. டெக் கம்பெனியின்ர ஆல்ஃபா சிப்பிலயும் ஆல்ஃபாபுக் எண்டு ஒண்டு செய்தவை, ஆனா அதில ஓடினது ஓப்பன்விஎம்எஸ், அது யூனிக்ஸ் இல்லை, ஆனபடியா எங்கட கணக்கில சேராது.

என்னட்ட ஒரு ஸ்பார்க்புக் இருக்கு, நெட்பிஎஸ்டி எண்ட இலவச யூனிக்ஸ் வகை ஓடுது. டாட்போலின்ர மைக்ரோகன்ட்ரோலருக்கு எண்டே நெட்பிஎஸ்டியில தனி டிரைவர் இருக்கு, பேட்டரி, மூடியின்ர சுவிட்ச், குட்டி ஸ்டேட்டஸ் டிஸ்ப்ளே எல்லாம் அதுதான் பாக்கும். வைட்டெக் பி9100 கிராஃபிக்ஸுக்கும் ஒண்டு இருக்கு. ஆர் இருந்து இதையெல்லாம் எழுதினாங்களோ, கோயில் கட்டலாம்.

#6 ஹெக்ஸ்டம்ப்_ஹரி

என்னங்க எல்லாரும் ஒப்பாரி வைக்கறீங்க. யூனிக்ஸ் லேப்டாப் செத்துப்போச்சுன்னு யாரு சொன்னது? 2001 ஜனவரில டைட்டானியம் பவர்புக் வந்துச்சு, மார்ச்ல மேக் ஓஎஸ் எக்ஸ் வந்துச்சு. உள்ள பிஎஸ்டின்னு யூனிக்ஸ் வழி வந்த சரக்கு, டெர்மினல் திறந்தா ஷெல். 2007ல லெப்பர்ட் வந்தப்ப இன்டெல் மேக்ல யூனிக்ஸ் 03 சர்ட்டிஃபிகேட்டே வாங்கிட்டான். டாட்போல் வாழ்நாள் முழுக்க வித்ததை ஆப்பிள் ஒரு வாரத்துல வித்திருப்பான். சிங்கப்பூர்ல எங்க ஆபீஸ்ல பாதி பேரு கையில யூனிக்ஸ் லேப்டாப்தான், அவங்களுக்கே தெரியாது அவ்ளோதான்.

#7 ஓகே_ப்ராம்ப்ட்

ஹரி, உங்க மேக்குல 1999ல வாங்குன சோலாரிஸ் பைனரி ஓடுமா? ஓடாதுல்ல. அப்ப அது அந்தச் சந்தைக்கு பதில் ஆகாது. அந்த ஆளுங்க யூனிக்ஸ் வேணும்னு கேட்டு வாங்கல. அவங்க டூல் ஸ்பார்க்ல ஓடுது, அதனால ஸ்பார்க்கை மடியில தூக்கி வச்சாங்க. அந்த டூல் ரோட்டோரம் விக்கற கால்குலேட்டர்ல ஓடியிருந்தா அதைத்தான் தூக்கிட்டு வந்திருப்பாங்க.

இன்னொண்ணு, ஆப்பிளுக்கு இது முதல் யூனிக்ஸும் இல்ல. 1988லயே ஏ/யூஎக்ஸ்னு ஒண்ணு வச்சிருந்தான், சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ் மேல மேக் முகத்தை ஒட்டுனது. பவர்புக்ல அது ஓடவே ஓடாது. கையில லேப்டாப்பும் இருந்துச்சு, யூனிக்ஸும் இருந்துச்சு, ரெண்டையும் சேர்க்கணும்னு தோணல. சந்தை எவ்ளோ சின்னதுன்னு அதுலயே தெரியும்.

#8 ஹெக்ஸ்டம்ப்_ஹரி

அது சரி, ஆனா டெவலப்பருங்களும் யுனிவர்சிட்டி ஆளுங்களும் கூட வொர்க்ஸ்டேஷன் வச்சிருந்தாங்கல்ல. சோர்ஸ் கையில இருக்கறவன், சி எழுதறவன், நெட்வொர்க் பாக்கறவன். அவங்களுக்கு சோலாரிஸ் பைனரி தேவையில்ல, நல்ல ஷெல், கம்பைலர், மூடினா தூங்கி திறந்தா முழிக்கற மெஷின், இதுதான் தேவை. அவங்க எல்லாம் கூண்டோட மேக்குக்குத்தான் போனாங்க. 2000த்துக்கு அப்புறம் யூனிக்ஸ் கான்ஃபரன்ஸ் போட்டோ எதை வேணா எடுத்துப் பாருங்க, டேபிள் பூரா வெள்ளை ஆப்பிள் லோகோ.

#9 ஓகே_ப்ராம்ப்ட்

அது கரெக்ட். ஆனா அவங்க டாட்போலுக்குக் காசு குடுத்த ஆளுங்க கிடையாது. ஆசைப்பட்டிருப்பாங்க, பட்ஜெட் இருந்திருக்காது.

#10 சுமைதாங்கி

எண்ணெய் தேடற கதை கேட்டீங்கல்ல. நான் சீஸ்மிக் சர்வே கான்ட்ராக்ட்ல இருந்தவன், கடல்லயும் பாலைவனத்துலயும் காலம் போச்சு. எங்க டீம்ல ஆர்டிஐ மெஷின் ஒண்ணு இருந்துச்சு.

வேலை என்னன்னா, பகல்ல எடுத்த டேட்டா டேப்புல வரும். அதை ராத்திரியே ஓரளவு பிராசஸ் பண்ணி, லைன் சரியா வந்திருக்கா, அதிர்வைப் பிடிக்கற சென்சார்ல, அதாவது ஜியோஃபோன்ல, எது செத்துக் கிடக்குன்னு பார்த்தாகணும். பார்க்கலன்னா மறுநாள் க்ரூ முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும், திரும்ப வந்து எடுக்கறதுக்கு ஆகற செலவை நினைச்சா மெஷின் விலை எல்லாம் கொசுறு. பெரிய ப்ராசஸிங் எல்லாம் ஊர்ல சென்டர்ல நடக்கும், கேம்ப்ல இந்த சரிபார்க்கற வேலை மட்டும். அதுக்கான சாஃப்ட்வேர் அன்னிக்கு யூனிக்ஸ்ல மட்டும்தான். டெஸ்க்டாப் ஸ்பார்க்ஸ்டேஷன்கூட கன்டெய்னர்ல வச்சிருந்தோம், ஆனா அதுகூட வர்ற சிஆர்டி மானிட்டர் இருக்கே, ஒரு ஆளு எடை. ஜீப்புல ரெண்டு தடவை குலுங்குனா கதை முடிஞ்சது. ஹெலிகாப்டர்ல போற கேம்ப்புன்னா கிலோ கணக்குல காசு, அங்க லேப்டாப் மாதிரி ஒண்ணு இருந்தா சாமி மாதிரி.

பேட்டரி பத்தி யாரும் கேக்காதீங்க. அதை நாங்க யுபிஎஸ் மாதிரித்தான் பார்த்தோம். ஜெனரேட்டர் மாத்தற அந்தக் கொஞ்ச நேரம் மெஷின் விழாம நின்னா போதும். அன்னிக்கு சோலாரிஸோட ஃபைல் சிஸ்டமான யூஎஃப்எஸ்ஸுக்கு லாக்கிங், அதாவது மாத்தறதை முன்னாடியே குறிச்சு வைக்கற வசதி கிடையாது, அது சோலாரிஸ் 7லதான் வந்துச்சு, கரண்ட் போச்சுன்னா டிஸ்க்கைச் சரிபார்க்கற எஃப்எஸ்சிகே ஓடி முடியறதுக்குள்ள டீ குடிச்சு டிபனும் சாப்ட்டுட்டு வந்துடலாம்.

#11 கன்சோல்_குமரன்

அண்ணே இதெல்லாம் எங்க இருந்தீங்க இவ்ளோ நாளு 🙏 யுபிஎஸ் விஷயம் செம.

சரி, சன் ஏன் தானே ஒரு லேப்டாப் பண்ணல? பண்ணாத ஐட்டமே இல்லையே அவங்க.

#12 யாழ்_டீமன்

செய்து பாத்தவை தம்பி. 1994ல ஸ்பார்க்ஸ்டேஷன் வாயேஜர் எண்டு ஒண்டு. 60 மெகாஹெர்ட்ஸ் மைக்ரோஸ்பார்க் 2, தட்டையான எல்சிடி ஸ்க்ரீன், அதுக்குப் பின்னால ஒரு கால். மடிச்சு எடுத்துக்கொண்டு போகலாம், ஆனா லேப்டாப் எண்டு சொல்லேலாது, கீபோர்டு தனிய, மவுஸ் தனிய. மேசையில இருந்து இன்னொரு மேசைக்குப் போறதுக்குச் செய்த சாமான். இண்டைக்குப் பாத்தா ஐமேக் மாதிரி வடிவாத்தான் இருக்கு, காலத்துக்கு முந்திப் பிறந்திட்டுது பாவம்.

பிறகு நிறைய வருசம் ஒண்டும் இல்லை. 2005ல திடீரெண்டு அல்ட்ரா 3 மொபைல் வொர்க்ஸ்டேஷன் எண்டு சன் லோகோவோட லேப்டாப் வந்தது, தொடக்க விலை 3,400 டாலர். உள்ளுக்க சன் செய்தது சிப்பும் சோலாரிஸும்தான், மெஷின் டாட்போலும் தைவான் நேச்சர்டெக்கும் ஏற்கெனவே தங்கட பேரில வித்துக்கொண்டிருந்தது. ஸ்டிக்கர் மாத்தி வித்தவை. அந்த வருசத்தைக் கவனியுங்கோ. 2005 ஜனவரியில சோலாரிஸ் 10 வந்தது, எக்ஸ்86லயும் நல்லா ஓடும், இலவசம். ஜூனில ஓப்பன்சோலாரிஸ் சோர்ஸ் வெளியில விட்டவை. அதே ஜூனில அப்பிள் தாங்கள் இன்டெலுக்குப் போறம் எண்டு அறிவிச்சது. எல்லாரும் ஒரு பக்கம் ஓடேக்க சன் மட்டும் ஸ்பார்க் லேப்டாப்புக்கு லோகோ ஒட்டிக்கொண்டு நிண்டது. டாட்போலை அதே வருசம் ஜெனரல் டைனமிக்ஸ் வாங்கினது, அமெரிக்க ராணுவத்துக்கு ஆயுதம் செய்யிற கம்பெனி. கடைசியா இந்தச் சாமானுக்கு மிஞ்சின வாடிக்கையாளர் ஆர் எண்டு அதிலேயே விளங்குது.

#13 பிட்ஷிஃப்ட்_பவி

ஓரமா படிச்சுட்டு இருந்தேன், ஒரு கேள்வி. இந்த மெஷின் எல்லாம் செத்ததுக்குக் காரணம் வெறும் லினக்ஸ்தானா? ஏன்னா எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, எனக்கு அது முழுசா சரியா படல.

#14 ஓகே_ப்ராம்ப்ட்

நல்ல கேள்விம்மா. லினக்ஸ் தனியா கொல்லல, நாலஞ்சு பேரு சேர்ந்து பண்ணது.

மொத ஆளு சூடு. டேபிள் மெஷின்ல அல்ட்ராஸ்பார்க் 3ஐ மாதிரி சிப்பு 50 வாட் பக்கம் குடிச்சா யாருக்கும் கவலையில்ல, பெரிய ஃபேன் வச்சுக்கலாம். அதையே லேப்டாப்ல வச்சா எங்க போகும் சூடு? 2003ல இன்டெல் பென்டியம் எம் கொண்டு வந்தான், லேப்டாப்புக்குன்னே டிசைன் பண்ணது, 25 வாட்டுக்குள்ள, வேகமும் அதிகம். ஆப்பிளுக்கும் இதே கண்டம்தான், பவர் மேக்ல ஜி5 சிப்பு போட்டான், கடைசி வரைக்கும் ஜி5 பவர்புக் வரவே இல்ல. சன்னும் ஐபிஎம்மும் சர்வருக்குன்னு சிப்பு பண்ணாங்க, லேப்டாப்புக்குத் தனி சிப்பு பண்ண இத்தனூண்டு சந்தைல எவன் காசு போடுவான்.

ரெண்டாவது ஆளு விர்ச்சுவல் மெஷின். 1999ல விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் வந்தப்புறம் ஒரே லேப்டாப்ல விண்டோஸ் ஒரு பக்கம், லினக்ஸ் ஒரு பக்கம். டெமோ காட்டறவனுக்கு இது சொர்க்கம், முழு செட்டப்பையும் ஒரே ஃபைலா காப்பி அடிச்சுக்கலாம், டெமோ கெட்டுப்போனா ஸ்னாப்ஷாட் போட்டு திரும்பிடலாம்.

மூணாவது, டூல் விக்கறவங்களே எக்ஸ்86 லினக்ஸுக்கு போர்ட் பண்ணாங்க. அவங்க அதை அன்புல பண்ணல, கஸ்டமருங்க நூத்துக்கணக்கான மலிவு லினக்ஸ் பெட்டி வாங்கி ரேக்ல அடுக்கி சிமுலேஷன் ஓட்ட ஆரம்பிச்சுட்டாங்க. டூல் நகர்ந்த அன்னிக்கே ஸ்பார்க்கைத் தூக்கிட்டு அலையற காரணம் போயிடுச்சு. ஆக லினக்ஸ் முக்கியம்தான், ஆனா அது சர்வர் ரேக் வழியா வந்து லேப்டாப்பைக் கொன்னுச்சு.

அப்புறம் லைசன்ஸ்னு ஒரு கூத்து. ஃப்ளெக்ஸ்எல்எம்னு லைசன்ஸ் சரிபார்க்கற சாஃப்ட்வேர், அதோட லைசன்ஸ் எல்லாம் மெஷினோட அடையாள நம்பரான ஹோஸ்ட்ஐடிக்குக் கட்டியிருக்கும். அந்தக் கால சன் மெஷின்ல ஹோஸ்ட்ஐடியும் ஈதர்நெட் அட்ரஸும் என்வி-ரேம் சிப்புல இருக்கும், அந்த சிப்புக்குள்ளயே லித்தியம் பேட்டரிய வச்சு மூடியிருப்பான். பத்து வருஷம் போல ஆனா அது காலி. காலியானா மெஷினுக்கு தன் பேரே மறந்துடும், ஹோஸ்ட்ஐடி வெறும் குப்பையா வரும், லைசன்ஸ் எல்லாம் படுத்துடும். இப்ப பழசு வச்சிருக்கறவங்க சிப்பு மேல்பக்கத்தைத் தேய்ச்சு எடுத்துட்டு வெளிய ஒரு காயின் செல்லை சால்டர் பண்ணி, ஓஎஸ் ஏறறதுக்கு முன்னாடி வர்ற ஓகே ப்ராம்ப்ட்ல இருந்து பழைய நம்பரைத் திரும்ப எழுதுவாங்க. என் பேரு எங்க இருந்து வந்துச்சுன்னு இப்ப தெரிஞ்சிருக்கும்.

#15 கன்சோல்_குமரன்

😂😂 சரி சரி. இப்ப உள்ள கதைக்கு வருவோம். எம்என்டி ரிஃபார்ம், ஃப்ரேம்வொர்க், சிஸ்டம்76 மாதிரி இப்ப வர்ற லேப்டாப் எல்லாம் அந்தச் சந்தையோட வாரிசா? எம்என்டி ரிஃபார்ம் எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன், பெர்லின்காரங்க, 2020ல க்ரவுட்ஃபண்டிங்ல வந்துச்சு, மெக்கானிக்கல் கீபோர்டு, ட்ராக்பால், பேட்டரிக்கு 18650 செல்லை வரிசையா மாட்டியிருப்பாங்க, செத்தா நாமளே மாத்திக்கலாம். சர்க்யூட்டு வரைபடம் எல்லாம் ஓப்பன்.

#16 யாழ்_டீமன்

எனக்கும் விருப்பம், ஆனா வந்த புதுசில அதில இருந்தது ஐ.எம்எக்ஸ்8எம் சிப், 4 ஜிபி ரேம். அதில ஃபயர்ஃபாக்ஸ் திறக்கிறதே ஒரு தவம். பிறகு வேகமான ஆர்கே3588 சிப் மாட்யூல் வந்தபிறகு பரவாயில்லை. ரிஸ்க்-5 எண்ட ஓப்பன் சிப் வகையில போர்டு ஒண்டு ஃப்ரேம்வொர்க் லேப்டாப்புக்கு டீப்கம்ப்யூட்டிங் செய்திருக்கு, அது இன்னும் மெதுவு, அதை அவையளே டெவலப்பர் ஆக்களுக்கு மட்டும் எண்டுதான் விக்கினம். இதெல்லாம் வாங்கிறது ஆசைக்கு, கொள்கைக்கு. பிழை எண்டு சொல்லேல்லை, நானே வாங்குவன். ஆனா வொர்க்ஸ்டேஷன் எண்டு சொல்லாதேங்கோ. டாட்போல் வந்த காலத்தில அதுதான் மேசை மெஷினுக்குச் சமமான வேகம், விலைதான் வானத்தில. இது தலைகீழ்.

#17 பிட்ஷிஃப்ட்_பவி

இங்கதான் நான் எல்லாரோடயும் மாறுபடறேன். ஓகே சார் சொன்ன லாஜிக்கை அப்படியே எடுத்துக்கலாம், டூல் எங்க ஓடுதோ அந்த பெட்டியைத் தூக்கிட்டு அலையணும், விலை ரெண்டாம்பட்சம். அப்படிப் பார்த்தா அந்தச் சந்தை சாகவே இல்ல, இப்ப அதுக்குப் பேரு கூடா (CUDA), என்விடியா கிராஃபிக்ஸ் சிப்புல கணக்கு ஓட்டறதுக்குன்னு அவங்களே பண்ண சாஃப்ட்வேர்.

நான் ஃப்ளூயிட் சிமுலேஷன் பண்றேன். எங்க கோடு முழுக்க கூடா. 2007ல என்விடியா வெளியிட்டதுல இருந்து சயின்ஸ் பக்கம் எழுதுனது எல்லாம் அது மேலதான் குவிஞ்சு கிடக்கு. ஏஎம்டி கார்டுல மாத்தி ஓட்டலாம்னு சொல்றாங்க, சொல்றவங்க யாரும் எங்க கோடை வந்து மாத்தித் தரல. மேக்ல 2019க்கு அப்புறம் கூடா டூல்கிட்டே கிடையாது, அதனால ஹரி சொல்ற மேக் என்னதான் அழகா இருந்தாலும் எனக்கு அது டைப்ரைட்டர். அதனால நான் என்ன பண்றேன், பெரிய என்விடியா சிப்பு வச்ச ரெண்டரை கிலோ மொபைல் வொர்க்ஸ்டேஷனை, செங்கல் சைஸு சார்ஜரோட பையில போட்டுட்டு சுத்தறேன். லினக்ஸ்தான் ஓடுது. பேட்டரி சிமுலேஷன் ஓட்டுனா ஒரு மணி நேரம் நிக்காது, சுமைதாங்கி அண்ணன் சொன்ன அதே யுபிஎஸ் கதைதான். கான்ஃபரன்ஸ்லயோ பார்ட்னர் லேப்லயோ நெட்வொர்க்ல விடமாட்டாங்க, அதுவும் அதே கதைதான்.

திங்க்பேட் பி, டெல் பிரிசிஷன், ஹெச்பி இசட்புக் எல்லாம் யாருக்கு விக்கறாங்க? ரெட்ஹேட் சர்ட்டிஃபைடு, உபுண்டு சர்ட்டிஃபைடுன்னு லிஸ்ட்டு போட்டு விக்கறது சும்மாவா? 2015ல திங்க்பேட் பி50, பி70ல இன்டெலோட சர்வர் வகை சிப்பான ஜியானும், பிழையைத் தானே திருத்திக்கற ஈசிசி ரேமும் போட்டான் லெனோவோ. லேப்டாப்ல ஈசிசி! வாட்ஸ்அப் பாக்கறவனுக்கா அது?

#18 ஓகே_ப்ராம்ப்ட்

இதுக்கு மறுத்துப் பேச எனக்கு வாய் வரல. ஒரே ஒரு வித்தியாசம் சொல்றேன். டாட்போல் சன்கிட்ட இருந்து சிப்பு வாங்கி, சன் போட்ட ஸ்பெக்குக்கு ஒத்து வர மாதிரி தன் போர்டைத் தானே வரைஞ்சான். ஸ்பார்க் இன்டர்நேஷனல்னு ஒரு அமைப்பு இருந்துச்சு, அந்த ஸ்டாண்டர்டுக்குள்ள நின்னு யாரு வேணா போட்டி போடலாம். தோஷிபா போட்டான், ஆர்டிஐ போட்டான், நேச்சர்டெக் போட்டான். ஃபுஜிட்சு சிப்பே போட்டான். கூடாவுக்கு அந்த மாதிரி வெளி ஆளு யாரும் சிப்பு பண்ண முடியாது. பூட்டு இப்ப இன்னும் கெட்டி.

#19 ஹெக்ஸ்டம்ப்_ஹரி

டைப்ரைட்டர்னு சொன்னதை நான் மறக்க மாட்டேன் பவி 😤

சீரியஸா, மேக்கோட ஒருங்கிணைஞ்ச மெமரி பத்தி யாரும் பேசலையே. ஜிபியுவும் சிபியுவும் ஒரே ரேமைப் பங்கு போட்டுக்குது, 128 ஜிபி வரைக்கும் லேப்டாப்லயே கிடைக்குது. பெரிய ஏஐ மொழி மாடலை லோக்கலா ஓட்டறவங்க அதுக்காகவே வாங்கறாங்க. சாஃப்ட்வேர் அந்தப் பக்கமும் நகருது.

#20 பிட்ஷிஃப்ட்_பவி

மொழி மாடல் ஓட்டறதுக்கு சரி. எங்க சால்வருக்கு டபுள் பிரிசிஷன், அதாவது 64 பிட் துல்லியக் கணக்கு வேணும், ஆப்பிள் கிராஃபிக்ஸ் சிப்புக்கு கோடு எழுதற மெட்டல்ல அது கிடையாது. லேப்டாப் என்விடியாலயும் டபுள் மெதுவுதான், ஆனா ஓடும், சின்ன கேஸைச் சரி பார்த்துட்டு பெருசை க்ளஸ்டருக்கு அனுப்பறேன்.

#21 சுமைதாங்கி

கேம்ப்ல பார்த்துட்டு சென்டருக்கு அனுப்பற மாதிரி. நடத்துங்க.

#22 கன்சோல்_குமரன்

பவி, உங்க போஸ்ட்டைப் பார்த்துட்டு செகண்ட் ஹேண்ட்ல திங்க்பேட் பி சீரிஸ் ஒண்ணு தேட ஆரம்பிச்சுட்டேன், கம்பெனி லீஸ் முடிஞ்சு வர்றது ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் கிடைக்குது. என்னென்ன பார்க்கணும்? தூக்கம் போட்டா முழிக்குமா லினக்ஸ்ல? எனக்கு அதுதான் பயம். ஃப்ரீபிஎஸ்டியும் போட்டுப் பார்க்கணும்னு ஆசை.

#23 பிட்ஷிஃப்ட்_பவி

ஈசிசி வேணும்னா பிராசஸர் ஜியானா இருக்கணும், கோர் ஐ7 போட்ட பி50ல ஈசிசி வேலை செய்யாது, விக்கறவர் பி50ன்னு மட்டும் சொல்லுவாரு, பயாஸ் திறந்து பிராசஸர் பேரைப் பாருங்க. ரேமும் ஈசிசி சோடிம்மா (லேப்டாப்ல மாட்டற ரேம் வகை) இருக்கணும், சாதா ரேம்தான் மாட்டி வச்சிருப்பாங்க பெரும்பாலும், அதைத் தனியா தேடணும்.

தூக்கத்துக்கு ஒரு லினக்ஸ் யூஎஸ்பி கையில கொண்டு போங்க. கடையிலயே பூட் பண்ணி, சிஸ் டைரக்டரிக்குள்ள பவர், அதுக்குள்ள மெம்_ஸ்லீப்னு ஒரு ஃபைல் (/sys/power/mem_sleep) இருக்கும், cat கமாண்ட் அடிச்சுப் பாருங்க. டீப்னு ஒரு வார்த்தை வந்தா, ரேம் தவிர கிட்டத்தட்ட எல்லாம் அணையற பழைய எஸ்3 தூக்கம் இருக்கு. வெறும் எஸ்2ஐடில் மட்டும் வந்தா அது புது மாதிரி தூக்கம், பைக்குள்ள வச்சா சில மெஷின் சூடாகி பேட்டரிய தின்னுடும். இன்டெல் 11வது தலைமுறைக்கு அப்புறம் வந்த பல மெஷின்ல டீப் கிடையாது, அதனால கொஞ்சம் பழசு எடுக்கறது இந்த விஷயத்துல நல்லது.

#24 யாழ்_டீமன்

ஃப்ரீபிஎஸ்டிக்கு எண்டா வைஃபை சிப்பை முதல்ல பாருங்கோ தம்பி. 2024ல ஃப்ரீபிஎஸ்டி ஃபவுண்டேஷனும் குவாண்டம் லீப் ரிசர்ச்சும் சேர்ந்து லேப்டாப்புக்கு எண்டே ஏழரை லட்சம் டாலர் ஒதுக்கி வேலை தொடங்கினவை, வைஃபை, தூக்கம், கிராஃபிக்ஸ் எல்லாம் அதில அடக்கம். ஆனா இன்டெலும் என்விடியாவும் மாறி மாறி ஓடுற ஹைப்ரிட் கிராஃபிக்ஸ் தலையிடி, பயாஸில டிஸ்க்ரீட் கார்டு மட்டும் எண்டு மாத்திப்போட்டு முயற்சி செய்யுங்கோ. இல்லாட்டி ஓப்பன்பிஎஸ்டி, அவையளில கனபேர் திங்க்பேட்டிலதான் கோட் எழுதினம், ஆனபடியா தூக்கம் நல்லா வேலை செய்யும். ஆனா என்விடியாவுக்கு அங்க டிரைவர் இல்லை, இன்டெல் கிராஃபிக்ஸிலதான் ஓட்டவேணும், கூடாவை மறந்திடுங்கோ.

#25 கன்சோல்_குமரன்

சனிக்கிழமை யூஎஸ்பி எடுத்துட்டுப் போறேன். ஜியான் கிடைச்சா போட்டோ போடறேன், கிடைக்கலன்னா ஐ7தான், ஈசிசி இல்லாம இத்தனை வருஷம் ஓட்டலையா.